இல்லாத கிரவுன் கத்திய கதை

தம்பிகளா, ஒர்க்ஷாப்பில் கால் வைத்த முதல் நாளே உங்களுக்கெல்லாம் ஒரு வியாதி தொற்றிக்கொள்கிறது. வண்டி உள்ளே வருகிறது, டிரைவர் "சத்தம் வருது" என்கிறான், அவன் வாயை மூடுவதற்குள் நீங்கள் ஸ்பேனரோடு கீழே படுத்துவிடுகிறீர்கள். நான் ரிட்டயர் ஆன பிறகும் வாரம் ஒரு தடவை இங்கே வந்து உட்கார்ந்து உங்களைத் திட்டுவதற்குக் காரணம் அதுதான். எதிர்க்கடை டீ நன்றாக இருக்கிறது என்பது இரண்டாவது காரணம்.

டிரான்ஸ்ஆக்ஸில் கோளாறுகளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பெயர்தான் பெரிது, விஷயம் சின்னது. பழைய பெரிய கார்களிலும் லாரிகளிலும் கியர் பாக்ஸ் முன்னால் இருக்கும். அங்கிருந்து ஒரு நீளத் தண்டு பின்னால் போகும். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு கூடு இருக்கிறதே, அதற்குள் கிரவுன் வீல் இருந்துகொண்டு இரண்டு சக்கரத்தையும் சுழற்றும். கூட்டையும் சேர்த்தே நாம் கிரவுன் என்றுதான் சொல்கிறோம். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் இந்தக் கிரவுனைத் தூக்கிக்கொண்டுவந்து கியர் பாக்ஸோடு ஒரே பெட்டிக்குள் குடிவைத்துவிட்டார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே சமையல்கட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வந்தால் யார் போட்ட சத்தம் என்று வாசலில் நின்று சொல்ல முடியாது. அதனால் பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கடைசியாக இதில் கை வைத்தது யார்?

தொண்ணூறுகளில் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் விருந்தினர் விடுதிக்கு, மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டும் மெஷின் ஒன்று வந்தது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எஞ்சின் ஓடுகிறது, பிளேடு சுற்றுகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. இரண்டு மெக்கானிக்குகள் பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து, கடைசியில் சாமி குற்றம் என்று முடிவுகட்டியிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். நான் தோட்டக்காரரிடம், "பூஜைக்கு மெஷினை எப்படிண்ணே மண்டபத்துக்குக் கொண்டாந்தீக?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு எஞ்சினைப் போடக் கூடாதுல்லா? நாலு பேரு தள்ளிட்டு வந்தோம்."

அந்த வகை மெஷினைச் சும்மா தள்ள முடியாது. பின்னால் ஒரு கம்பி இருக்கும், அதை வெளியே இழுத்தால்தான் பெட்டி சக்கரத்தை விடும். யாரோ இழுத்திருக்கிறார்கள். அந்தக் கம்பிதான் வசதியாக நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று பெரிய சாமந்தி மாலையை அதிலேயே மாட்டியிருக்கிறார்கள். நான் மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கம்பியை உள்ளே தள்ளினேன். மெஷின் கிளம்பிப் போய்விட்டது. அந்த இரண்டு மெக்கானிக்குகளும் அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கும் புத்தி எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. என் கல்யாணத்தை அடகு வைத்துக் கற்றுக்கொண்டது அது.

எண்பதுகளின் நடுவில் நடந்த விஷயம். மதுரையில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் இருந்துவிட்டு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கம் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டிருந்தேன். முன் சக்கரம் இழுக்கும் சின்னக் கார் அப்போதுதான் புதிதாக வந்திருந்த நேரம். இந்த வட்டாரத்துக்கு இரண்டே இரண்டு வந்திருந்தன. ஒன்று இராஜபாளையத்து மில் முதலாளி ஒருவருடையது. இன்னொன்று அதே ஊரில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனிக்காரருடையது. இரண்டும் சர்வீஸுக்கு என்னிடம்தான் வரும். அந்த வண்டியின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்பதால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்துகொண்டிருந்தேன்.

மில் முதலாளியின் டிரைவர் அழகர்சாமி. பட்டாளத்தில் ஜீப்பும் லாரியும் ஓட்டி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் அவர் மிலிட்டரி, எனக்கு மட்டும் மாமா. அவர் மகள் கோதையை எனக்குப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி, தையில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. கோதையை நான் அதற்குள் இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். அதற்கே சாப்பாடு இறங்கவில்லை.

மாமாவிடம் ஒரு குணம். பொய் சொல்ல மாட்டார். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் கேட்காவிட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவார். நிச்சயதார்த்தத்தில் யாரோ மாப்பிள்ளை எப்படி என்று கேட்டதற்கு, சபை நடுவே, "ஆளு செத்த கறுப்பு, காது ரெண்டும் பெருசு, கை சுத்தம்" என்றார். என் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்தக் கடைசி இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது. கை சுத்தம் என்று அவர் வாயால் வந்தால் அது அரசாங்க முத்திரை.

கார்த்திகை மாதம் ஒரு காலை, அந்த வெள்ளைக் கார் ஊவென்று அழுதுகொண்டே என் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. பின்னால் நீலமாகப் புகை. பின் சீட்டில் முதலாளி. மாமா இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி, "வாங்க மாமா" என்றேன்.

"யாருக்குலே மாமா?" என்றார். அதுவரை நான் அவருக்கு மாப்ள. "கிரவுன் எங்கலே?"

"எந்தக் கிரவுன்?"

"கேட்டீகளா சார், எந்தக் கிரவுன்னு கேக்கான். ஒண்ணுக்கு மேல வச்சிருக்கான் போல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே கொட்டினார். "ஒரு வாரமா வண்டியில கிரவுன் சத்தம். பட்டாளத்துல அந்தச் சத்தத்தோடயே படுத்து எந்திரிச்சவன் நான். எண்ணெய் கொறஞ்சிருக்கும், பாப்பம்னு இன்னைக்குக் காலையில பின்னாடி பூந்தேன். வெறுங் குழாய்தான் கெடக்கு. கிரவுனையே காணோம்! வண்டி வாங்குன நாள்லருந்து வெளியாளு கை வச்சது ஒரே ஒரு எடத்துலதான்." சொல்லிவிட்டு என் கொட்டகையை மூலை மூலையாகப் பார்த்தார்.

முதலாளி இறங்கி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வயிறு இடிக்க இடிக்கக் குனிந்து பார்த்தார். "தேவுடா! நெசமாவே ஒண்ணுமில்லையேப்பா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். தம்பிகளா, இதை மட்டும் மனதில் வையுங்கள். வண்டியைக் கொண்டுவந்தவன் எவ்வளவு முட்டாள்தனமாகப் பேசினாலும் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பில் மாமாவுக்கு எஞ்சியிருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

"மாமா, இந்த வண்டியில பின்னாடி கிரவுனே கெடையாது. முன் சக்கரந்தான் இழுக்கும். மாட்டுவண்டியில மாடு முன்னாடி நின்னுதான இழுக்குது? அது மாதிரி."

"அப்படியா? மாடு முன்னாடி நின்னாலும் சாணி பின்னாடிதானலே போடும்? கிரவுன்னு ஒண்ணு இருந்தா அது பின்னாடிதான் இருக்கும்."

சுற்றி நின்ற இரண்டு பேர் இதைச் சரியென்று தலையாட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சரி, கிரவுனை நான் கழட்டிட்டேன்னா வண்டி எப்படி ஓடும்? இங்க எப்படி ஓட்டிட்டு வந்தீக?"

அவருக்கு அதற்கும் பதில் இருந்தது. "மிலிட்டரி ஜீப்புல நாலு சக்கரமும் இழுக்கும். ஒருக்கா மலையில பின் கிரவுன் நொறுங்கிப் போச்சு. தண்டைக் கழட்டிக் கடாசிட்டு முன் சக்கரத்துலயே உருட்டிக் கொண்டாந்து சேத்தேன். அந்த வித்தை எனக்கே தெரியும்போது உனக்குத் தெரியாதா? முன்னாடி உள்ளதை விட்டுட்டுப் பின்னாடி உள்ளதை உருவிட்ட."

நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. விஷயம் தெரியாதவனோடு வாதாடலாம். ஒரு வண்டியைக் கரைத்துக் குடித்துவிட்டு இன்னொரு வண்டியைப் பார்க்கிறவனோடு வாதாட முடியாது. அவன் அறிவே அவனுக்கு முன்னால் சுவராக நிற்கும். அப்போது எனக்கு இது தெரியாததால் பெரிய புத்திசாலி மாதிரி ஒன்று சொன்னேன்.

"இதே வண்டி பேண்டேஜ் முதலாளிகிட்டயும் இருக்குல்லா? அவிய வண்டியைக் கொண்டாரச் சொல்லுங்க. அதுல பின்னாடி கிரவுன் இருந்தா நான் திருடன். இல்லன்னா?"

முதலாளி எதிர்க்கடையிலிருந்து போன் போட்டார். பேண்டேஜ்காரர் என்ன ஏதென்று தெரியாமலே தன் காரில் வந்து சேர்ந்தார். அவர் இறங்குவதற்குள் மாமா பின் பக்கம் புகுந்து, முதுகெல்லாம் மண்ணோடு எழுந்து, பேண்டேஜ்காரருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"சார், உங்க கிரவுனும் போயிருச்சு."

"என்னய்யா சொல்லுதீரு?"

"வண்டி சர்வீஸ் எங்க பாத்தீக?"

"இங்கதான்... அய்யய்யோ!"

அவ்வளவுதான். என் சாட்சியே எனக்கு எதிராகத் திரும்பி, ஒரு திருட்டு இரண்டு திருட்டாகிவிட்டது. டீக்கடையிலிருந்தும் கோயிலுக்குப் போகிற வழியிலிருந்தும் கூட்டம் சேர்ந்தது. பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் விளக்கம் சொன்னார்கள். "ரெண்டு கிரவுன அடிச்சிட்டானாம்." "அம்மன் கிரீடமாண்ணே?" "இல்லடே, வண்டியோடது." டீ குடிக்க நிறுத்தியிருந்த லாரி டிரைவர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய், தன் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்து, "இருக்கு, இருக்கு" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தார். சைக்கிளில் வந்த பால்காரர்கூட இறங்கி ஒரு தடவை கீழே பார்த்துக்கொண்டார்.

முதலாளி, "ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடலாமா மிலிட்டரி?" என்றார்.

"வேண்டாம் சார். பொண்ணு குடுக்கதாப் பேசுன எடம். அந்தக் கேவலம் எனக்கும் சேந்துதான்." என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் போயிருந்தது. "கை சுத்தம்னு சபையில சொன்னேன்லே உன்னை. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள ரெண்டு கிரவுனும் இங்கன வரணும். வரலன்னா வெத்தலை பாக்கு திரும்பி வந்துரும். எம் மகளை ஒரு களவாணிக்குக் குடுக்க மாட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. மறைப்பானேன். திருடன் என்று சொன்னதற்கல்ல, ஊரில் ஒர்க்ஷாப்காரனை எவன்தான் திருடன் என்று சொல்லவில்லை? கோதை காதுக்கு இது எப்படிப் போகும் என்று நினைத்தேன், கண் முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிடமே ஆத்திரம். பெட்டியை இறக்கிப் பிளந்து, கிரவுனை எடுத்து அவர் காலடியில் போட்டுவிடலாமா என்று கை துடித்தது. ஸ்பேனரைக்கூட எடுத்துவிட்டேன்.

நல்லவேளை, கீழே வைத்தேன். அந்தக் கூட்டத்தில் பெட்டியைத் திறந்தால் என்ன ஆகும்? "பாரு, மிச்சத்தையும் கழட்டுதான்" என்பார்கள். குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டேன். 'நான் எடுக்கவில்லை' என்று இன்னும் நூறு தடவை சொல்லலாம். அதற்கு எந்த மதிப்பும் கிடையாது. அவர் வாயிலிருந்து வந்ததற்குத்தான் மதிப்பு. அப்படியானால் அவர் என்னதான் சொன்னார்? முதலிலிருந்து யோசித்துப் பார்த்தேன். திரும்பி வந்து அவர் முன்னால் நின்றேன்.

"மாமா, வண்டியில கேக்குறது என்ன சத்தம்?"

"கிரவுன் சத்தம்."

"கியர் சத்தமா இருக்குமோ?"

"எலேய், எங் கண்ணு பொய் சொன்னாலும் சொல்லும், காது பொய் சொல்லாது. கிரவுன் சத்தந்தான்."

"என்னைக்குலருந்து?"

"ஒரு வாரமா."

"சர்வீஸ் முடிஞ்சு வண்டி போனது ஐப்பசிக்கு முன்னாடி. நான் அப்பவே கிரவுனைக் கழட்டியிருந்தா, இல்லாத கிரவுன் இப்போ எப்படி மாமா கத்தும்?"

கூட்டத்தில் லாரி டிரைவர்தான் முதலில், "நாயமான கேள்வியால்லா இருக்கு" என்றார்.

மாமா முதலாளியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டி, "நீள ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு குடு" என்றார். 'லே' இல்லை. அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். தப்பாக இருக்குமோ என்று தோன்றியதும் வீம்பு பிடிக்காமல் சோதித்துப் பார்க்க இறங்கினார்.

பின் சக்கரங்களுக்குக் கல்லைக் கொடுத்து, முன் பக்கத்தைத் தூக்கிக் கட்டைகளில் நிறுத்தினேன். எஞ்சினைப் போட்டுக் கியரில் விட்டதும் முன் சக்கரங்கள் காற்றில் சுழன்றன, பின் சக்கரங்கள் சிவனே என்று நின்றன. கூட்டத்தில் ஒரே ஆச்சரியம். மாமா அதையெல்லாம் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையால் எஞ்சினை ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பெட்டி மேல் வைத்ததும் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"சார், கிரவுன் இங்கனதான் கெடந்து கத்துது" என்றார் முதலாளியிடம். "இந்தப் பெட்டிக்குள்ள. பின்னாடி தண்டு போக இதுல வழியே கெடையாது."

பேண்டேஜ்காரர், "அப்ப என்னதும் உள்ளயேதான் இருக்கா?" என்று கேட்டுப் பெருமூச்சு விட்டார்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் கிரவுன் ஏன் கத்துகிறது என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு நானும் மாமாவும் வண்டிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். பெட்டியின் பக்கவாட்டில் எண்ணெய் அளவு பார்க்கிற மறையை, அதுதான் திருகு மூடியை, கழற்றி விரலை விட்டேன். ஒரு சொட்டு இல்லை. கருகிய வாடை மட்டும் வந்தது. அவரும் விரலை விட்டுப் பார்த்து மோந்தார்.

"எண்ணெய் எங்க போச்சு?" என்றார் மெதுவாக.

அப்போதுதான் எனக்கு அந்த நீலப் புகை ஞாபகம் வந்தது. "மாமா, சத்தம் வாரதுக்கு முன்னாடி வண்டியில கடைசியா யாரு கை வச்சது?"

"நாந்தான். எஞ்சின் ஆயில் மாத்துனேன். அந்த வேலைக்கு எவனையும் நான் விட மாட்டேன்."

"பழைய ஆயிலை எந்த மறையைக் கழட்டி எறக்குனீக?"

நீட்டிக் காட்டினார். அது கிரவுன் இருக்கும் பெட்டியின் மறை. நான் எஞ்சினுடைய மறையைத் தொட்டுக் காட்டினேன். அதன்மேல் அப்பியிருந்த மண் சர்வீஸுக்குப் பிறகு யார் விரலும் படாமல் அப்படியே இறுகிக் கிடந்தது. பெட்டி எண்ணெயை இறக்கிவிட்டுப் புது எண்ணெயை எஞ்சினில் ஊற்றியிருக்கிறார். எஞ்சினுக்கு இரட்டைச் சாப்பாடு, அதனால் புகை. கிரவுனுக்கு ஒரு வாரமாகப் பட்டினி, அதனால் அழுகை.

"ஊத்துன பொறவு ஸ்டிக்கை எடுத்து அளவு பாக்கலியா மாமா?"

"அளந்து ஊத்துறவனுக்கு ஸ்டிக்கு எதுக்கு?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். படுத்த வாக்கிலேயே கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலேயிருந்து முதலாளியின் குரல். "என்னப்பா, காரணம் தெரிஞ்சுதா?"

தம்பிகளா, பெட்டியைப் பற்றி ஆயிரம் பேர் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். இந்த இடத்துக்கு ஒரு புத்தகமும் கிடையாது. உண்மையைச் சொன்னால் என் பெயர் பளிச்சென்று ஆகிவிடும், அந்த மனிதர் அத்தனை கூட்டத்துக்கு முன்னால் கூனிக் குறுகிப்போவார். வேலையும் போகலாம். காலையிலிருந்து என்னைத் திருடன் என்றவர்தான். ஆனாலும் பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு நடுங்குவது என் காதில் விழுகிறது. எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஒண்ணுமில்ல முதலாளி. மறையில வாஷர் தேஞ்சு எண்ணெய் ஒழுகிருக்கு. சகஜந்தான்."

"அம்புட்டுத்தானா? சரி, சரி."

முடிந்தது என்று நினைத்தேன். மாமா ஊர்ந்து வெளியே போனார். சட்டையைத் தட்டி, பித்தானைப் போட்டு, விறைப்பாக நின்றார்.

"சார், வாஷர் நல்லா இருக்கு. எஞ்சின் எண்ணெய்னு நெனச்சு, பெட்டி எண்ணெயை எறக்குனது நானு. கிரவுன் முன்னாடி இருக்கது தெரியாமப் பின்னாடி தேடுனதும் நானு. இவன் திருடன் இல்ல." என் பக்கம் விரலை நீட்டினார். "ஆனா பொய்க்காரன்."

பேண்டேஜ்காரர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யோவ் மிலிட்டரி, அந்தப் பொய்யை உமக்காகத்தானய்யா சொன்னான்?"

"அதான் சார் பயமா இருக்கு. மாமனுக்காகவே இம்புட்டு லேசாப் பொய் வருதே, நாளைக்கு எம் மககிட்ட எம்புட்டு வரும்? வீட்டுல கலந்துக்கிட்டுத்தான் சார் நான் முடிவு சொல்ல முடியும்."

முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. "வண்டியை ஓட்டும், எண்ணெயை மட்டும் தொடாதேயும்" என்றதோடு சரி. நான் எஞ்சினில் மிஞ்சியதை இறக்கி, பெட்டிக்கு உரியதை ஊற்றினேன். அழுகை முனகலாகக் குறைந்தது. வண்டி போய்விட்டது, கூட்டம் கலைந்துவிட்டது, என் கல்யாணம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. ஊரிலேயே முதன்முதலாக, திருடவில்லை என்று நிரூபித்துவிட்டுப் பெண்ணை இழக்கப்போகிறவன் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர்மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தை இங்கே சொன்னால் நீங்கள் காதைப் பொத்திக்கொள்வீர்கள்.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் வெற்றிலை பாக்குத் தட்டு ஏதும் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். வெறுங்கைதான். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"வீட்டுல நடந்தது அம்புட்டையும் ஒண்ணுவிடாம ஒப்பிச்சேன். பொய்க்காரனுக்கு உன்னை எப்படிட்டி குடுக்கதுன்னு அவகிட்டயே கேட்டேன்."

"கோதை என்ன சொன்னா மாமா?"

"சிரிக்கா. அவ அம்மையும் சேந்துக்கிட்டுச் சிரிக்கா. சிரிச்சு முடிச்சிட்டு ஒண்ணு சொன்னா பாரு." அவர் குரல் இறங்கியது. "'எப்பா, நீங்க ஒவ்வொரு வீட்டுலயும் போயி நெசத்தைப் பேசிட்டு வந்துருதீக. உங்க பின்னாடியே போயி அம்மையும் நானும் பொய் சொல்லித்தான் சமாதானம் பண்ணிட்டு வாரோம். இல்லன்னா நம்ம வீட்டுக்கு ஒரு மனுசரு வர மாட்டாக. எங்க ரெண்டு பேரால முடியலப்பா. அவுகளும் வந்துட்டா ஒத்தாசையா இருக்கும்'ங்கா."

சொல்லிவிட்டு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும் போலிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் குதிக்க மனம் வரவில்லை. வாழ்நாள் முழுக்கத் தன் வீட்டில் பொய்யே கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர். தன் மரியாதையை இவ்வளவு நாளும் தாங்கிப் பிடித்தது எது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எதிர்க்கடையில் டீ சொல்லி, வாங்கி வந்து கையில் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

"நீயும் இனிமே எனக்காகப் பொய் சொல்லுவியோ?" என்று கேட்டார்.

"தேவைப்பட்டாச் சொல்லுவேன் மாமா."

அவர் டீயை ஒரு மிடறு குடித்தார்.

"இதையாவது நெசமாச் சொன்னியே மாப்ள" என்றார்.